வெள்ளை நாய்க்குக் கருப்பு ஆயில்

ராஜபாளையத்தில் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால் யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. டீக்கடை பெஞ்சில் பேப்பர் படிப்பவர், தென்காசி பஸ்ஸுக்கு நிற்பவர், காய்கறி வண்டிக்காரர் என்று யாரைக் கேட்டாலும் அவர் வீட்டிலோ அவர் மாமனார் வீட்டிலோ ஒரு நாய் இருந்திருக்கும். தன் பெயரையே நாய்க்குக் கொடுத்த ஊர் இது. 2005 ஜனவரியில் தபால் துறை இந்திய நாய் இனங்களுக்கென்று நான்கு தபால்தலைகள் வெளியிட்டது. அதில் ஒன்று ராஜபாளையம். அந்தப் பெருமை எல்லோருக்கும் உண்டு. பெருமையோடு சேர்ந்து நாய் வைத்தியமும் கைவந்துவிட்டது என்ற நினைப்பும் உண்டு. அந்த நினைப்பால்தான் என் வெள்ளச்சி சாகப் பார்த்தாள்.

என் வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. நான் வீட்டிலேயே தைக்கிறேன். நாய்ச் சாமான் விற்கிற கடைக்குள் போனால் ஷாம்பு, சீப்பு, படுக்கை, கழுத்துப்பட்டை என்று ஒரு மாத மளிகைப் பணம் கரைந்துவிடும். உங்கள் வீட்டுக் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அதனால் நான் கேட்டுக் கேட்டுத்தான் வளர்த்தேன். முன்பின் தெரியாதவர்களிடம்தான் அதிகம் கேட்டேன். இதில் எனக்குக் கூச்சமில்லை. "கண்டவனிடமும் யோசனை கேட்கிற பழக்கத்தை நீதான் இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தாய்" என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கேட்டதால் எவ்வளவு மிச்சமானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாடியில் ஒரு பழைய கயிற்றுக் கட்டில் அறுந்து கிடந்தது. உங்கள் மாடியிலும் ஒன்று கிடக்கும். அதன் காலைப் பாதியாக அறுத்து, நைலான் நாடா போட்டுப் பின்னினால் நாய்க்குப் படுக்கை ஆகிவிடும் என்று நினைத்து, சைக்கிளில் வருகிற கட்டில் பின்னுபவரை நிறுத்திக் கேட்டேன். அவர் உடனே விலை சொல்லவில்லை. "குட்டியா, பெரிசா? பல்லு மொளைக்கிற வயசா? துணிமணியக் கடிக்குமா?" என்று கேட்டார். கடிக்கும் என்றேன். "அப்ப நைலான் வேண்டாந் தாயி. நூலு நூலாப் பிரிச்சு முழுங்கிரும், கொடல்ல சிக்கிக்கிரும். கோணிச் சாக்க இழுத்துக் கட்டி, ஓரத்த உள்ள மடிச்சுத் தச்சிருங்க. பல்லு பிடிக்க ஓரம் இருக்கக் கூடாது" என்றார். தனக்கு வரவேண்டிய கூலியை விட்டுவிட்டுச் சொன்ன யோசனை அது. கோணி ஊசியும் சணலும் வைத்து நானே ஒரு மத்தியானத்தில் தைத்து முடித்தேன். இன்றைக்கும் வெள்ளச்சி அதில்தான் படுக்கிறாள்.

சத்திரப்பட்டிப் பக்கம் கட்டுத்துணித் தறியில் வேலை பார்க்கிற ஒரு பெண் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிற ஊர் அது. நாயின் காதைத் துடைக்கப் பஞ்சுக் குச்சி வாங்கப் போகிறேன் என்றதும், "குச்சியக் காதுக்குள்ள விடாதீங்கக்கா, அழுக்க உள்ள தள்ளிரும். எங்க துணியில ஓரம் வெட்டிப் போடுறது கெடைக்கும், விரல்ல சுத்தித் தொடைங்க" என்றாள். ஒரு பை நிறையக் கொடுத்தும் அனுப்பினாள். நகம் வெட்டக் கற்றுக்கொடுத்தவர் ரிட்டயர் ஆன ஒரு சார். வெள்ளை நகமாக இருந்தால் உள்ளே ஓடுகிற ரத்தக்குழாய் ரோஸாகத் தெரியும், அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வெட்டுவதை நிறுத்திவிட வேண்டும், தப்பி ரத்தம் வந்தால் சோள மாவை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். இவ்வளவுதான் பாடம். தினமும் சிமெண்ட் ரோட்டில் நடக்கிற நாய்க்கு நகம் தானாகவே தேயும் என்றும் சொன்னார். குளிப்பாட்டுவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குட்டை முடிதான். ஈரத் துணியால் தினமும் துடைத்துவிட்டு, மாதம் ஒரு தடவை நாய்க்கான சோப்பில் குளிப்பாட்டினால் போதும். நம் சோப்பு அதன் தோலுக்கு ஆகாது.

இனி ஆயில் கதை.

அந்த வருஷம் ஆடிப்பூரத்துக்கு நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டில் இருந்தேன். அரை மணி நேர பஸ்தான் என்றாலும், ஆண்டாள் தேர் நிலைக்கு வராமல் அந்த ஊரில் பிறந்தவர்களால் கிளம்ப முடியாது. வெள்ளச்சிக்கு அப்போது நான்கு மாதம். கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் காசு அகலத்துக்கு முடி கொட்டியிருந்தது. நான் வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம், அதுவரை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று என் கொழுந்தனிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்தேன். பைக் ஒர்க்‌ஷாப் வாடை முகத்தில் அடித்தது. தையல் மிஷின் வரைக்கும் தரையெல்லாம் கருப்புக் கால்தடம். குட்டி மூலையில் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. நாக்கு, ஈறு, கடைவாயில் வழிந்த எச்சில், எல்லாம் கருப்பு. மூக்கு ஒன்றுதான் ரோஸ் நிறத்தில் மிச்சம் இருந்தது. "டீக்கடையில ஒரு அண்ணாச்சி சொன்னாரு மதினி. வண்டியில இருந்து எறக்குற வேஸ்ட் ஆயில ரெண்டு தடவ பூசுனா சொறி சொல்லாமக் கொள்ளாமப் போயிருமாம். காசும் இல்ல, ஒர்க்‌ஷாப்ல சும்மாவே குடுத்தான்" என்றான் கொழுந்தன். முடி கொட்டிய இடத்தோடு விடாமல், வராத இடத்துக்கும் முன்னெச்சரிக்கை என்று உடம்பு முழுக்கப் பூசியிருந்தான்.

என்ஜினுக்குள் ஓடி முடித்த ஆயிலில் ஆயில் மட்டும் இல்லை. தேய்ந்த உலோகத் தூளும், எரிந்த பெட்ரோலின் கசடும், ஆயில் கம்பெனி கலந்த ரசாயனங்களும் சேர்ந்துதான் அந்தக் கருப்பு. நம் கையில் பட்டால் கழுவிவிடுகிறோம். நாய் நக்கித்தான் தன் உடம்பைச் சுத்தம் செய்யும். பூசியதில் பாதி தோலை அரிக்கும், மீதி வயிற்றுக்குள் போய் ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும்.

அந்த இரவிலும் யோசனைகள் வந்தபடியே இருந்தன. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தால் ஆயில் கழன்றுவிடும் என்றார் எதிர் வீட்டுக்காரர். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வையுங்கள் என்றது இன்னொரு குரல். இரண்டையும் நான் செய்ய விடவில்லை. தையல்காரிக்குத் துணியில் ஆயில் கறை பட்டால் என்ன செய்வது என்று தெரியும். முதலில் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கவே கூடாது. சத்திரப்பட்டிக் கட்டுத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். பிறகு பாத்திரம் கழுவுகிற திரவத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கண்ணில் படாமல் கழுவினேன். கழுவக் கழுவக் கருப்பாகவே வந்தது. தண்ணீர் சாம்பல் நிறத்துக்கு மாறியபோது அடியிலிருந்த தோல் தெரிந்தது. வயிறும் தொடை இடுக்கும் வெந்தது போலச் சிவந்து, அங்கங்கே கொப்புளம் போட்டிருந்தது.

காலையில் அரசு கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "வாந்தி எடுக்க வச்சீங்களா?" என்பதுதான். இல்லை என்றதும் தலையை ஆட்டினார். எண்ணெய், பெட்ரோல் மாதிரி வழவழப்பான எதை விழுங்கியிருந்தாலும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாதாம். வரும்போது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடும். மண்ணெண்ணெய் போட்டிருந்தால் வெந்த தோலில் இன்னொரு விஷம் ஏறியிருக்கும். இந்த இரண்டை மட்டும் எழுதி உங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்தாலும் நான் இவ்வளவு நீளமாக எழுதியதற்குப் பலன் உண்டு.

பிறகு அவர் முடி கொட்டிய இடத்தில் ஒரு பிளேடை வைத்து, லேசாக ரத்தம் கசியும் வரை சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சுருட்டுத் துண்டு மாதிரி நீளமாக, முன்பக்கம் குட்டைக் கால்களோடு ஒரு பூச்சி. டெமோடெக்ஸ் என்று பேர். பிறந்த சில நாளில் தாயின் மடியிலிருந்து குட்டிக்கு ஏறுவது. பெரும்பாலான நாய்களின் முடிக்கால்களில் சத்தமில்லாமல் குடியிருக்கும். குட்டியின் எதிர்ப்புச் சக்தி குறைவாக இருக்கிற மாதங்களில் கொஞ்சம் பெருகி, அங்கங்கே முடியைக் கொட்ட வைக்கும். இன்னொரு நாய்க்கோ மனிதருக்கோ ஒட்டாது. "இந்த அளவுக்கு இருந்திருந்தா நீங்க ஒண்ணுமே செய்யாட்டியும் ரெண்டு மாசத்துல தானா முடி மொளைச்சிருக்கும்மா. பரவுதான்னு மட்டும் நாங்க பாத்துட்டு இருந்திருப்போம்" என்றார்.

அந்த வார்த்தை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆயிலுக்குக் காசு இல்லை. அதற்குப் பிறகு வெளி லேபில் ரத்தப் பரிசோதனை, குளுக்கோஸ், ஈரலுக்கு மருந்து, தோலுக்குக் களிம்பு, ஆட்டோ என்று எங்களுக்கு ஏழாயிரத்துக்கு மேல் போனது. மிஷின் பக்கத்தில் வைத்திருந்த வாடிக்கைக்காரரின் பட்டு ரவிக்கைத் துணியும் ஆயில் பட்டுப் பாழானது.

டீக்கடை அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. அவருடைய நாய்க்கும் இதே பூச்சியாகத்தான் இருந்திருக்க வேண்டும். தானாகச் சரியாகப் போகிற சமயத்தில் அவர் ஆயிலைப் பூசியிருக்கிறார். முடி முளைத்தது, பேர் ஆயிலுக்குப் போய்விட்டது. வேப்பெண்ணெய்க்கும் பூண்டுக்கும் தயிருக்கும் இப்படித்தான் நம் ஊரில் பேர் வந்திருக்கிறது. அந்த நாய் பிழைத்தது அவர் கண்ணுக்குத் தெரிகிறது. இப்படிப் பூசிச் செத்த குட்டிகளின் கதையை டீக்கடையில் வந்து சொல்ல யாருமில்லை. நான் அவரைத் தேடிப் போய் ரசீதுகளைக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ உங்க நாய்க்கு வேற நோயா இருக்கும்மா" என்றார். குட்டி எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

அங்கேதான் எனக்குப் புரிந்தது. கட்டில்காரர் என்னிடம் கேள்வி கேட்டார். நகம் வெட்டச் சொல்லித் தந்த சார், காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். டாக்டரம்மா கேட்டது, சுரண்டியது எல்லாம் முடிந்த பிறகே பேசினார். டீக்கடை அண்ணாச்சி மட்டும் நாயைப் பார்க்காமல், வயது கேட்காமல், அரிக்கிறதா என்றுகூடக் கேட்காமல் மருந்து சொன்னார். அரிப்பு இருக்கிறதா என்பது சின்னக் கேள்வி இல்லை. டெமோடெக்ஸ் ஆரம்பத்தில் அவ்வளவாக அரிக்காது. தூக்கமில்லாமல் சொறிகிற நாய்க்கு இருப்பது வேறு பூச்சி. அது அடுத்த நாய்க்கும் ஒட்டும், வீட்டில் இருப்பவர்களின் கையிலும் வயிற்றிலும் தடிப்பை உண்டாக்கும். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. உங்களைத் திருப்பி ஒரு கேள்விகூடக் கேட்காதவர் சொல்கிற மருந்தை வாங்காதீர்கள். கட்டில், கதவு, சங்கிலி, சாக்கு என்றால் யார் சொல்வதையும் செய்து பார்க்கலாம். கெட்டால் பிரித்துவிட்டு மறுபடியும் தைக்கலாம். தோலையும் வயிற்றையும் அப்படிப் பிரித்துத் தைக்க முடியாது. என் வீட்டுக்காரருக்கு என் பதில் இதுதான்: நான் கேட்டது சாக்குக்கும் துணிக்கும். மருந்து கேட்டு வந்தவர் அவருடைய தம்பி.

ஆஸ்பத்திரி வரிசையிலும் ஒரு நல்ல யோசனை கிடைத்தது. களிம்பு போட்டால் நக்காமல் இருக்கக் கழுத்தில் புனல் மாதிரி ஒன்று மாட்ட வேண்டும். கடையில் விற்கிறது. ஆட்டோடு நின்ற ஒரு பெரியவர், "வீட்ல பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இருக்கும்ல, அதச் சுத்தி ஒட்டுங்க. கழுத்துப் பக்கம் மட்டும் துணி வச்சுத் தைங்க, இல்லேன்னா அறுக்கும்" என்றார். மாமியாரின் முழங்கால் எக்ஸ்ரே அதற்குச் சரியாக இருந்தது.

இன்னொரு யோசனையையும் நான் ஏற்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. வெள்ளச்சிக்குக் காது கேட்காது. அவள் தூங்கும்போது முதுகுக்குப் பின்னால், காற்றோ அதிர்வோ படாத தூரத்தில் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டினேன், காது அசையவில்லை. சுத்த வெள்ளை வேண்டும், மூக்கு ரோஸாக இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள், விற்கிறவர்கள் அதையே பெருக்குகிறார்கள். நிறம் கொடுக்கிற அணுக்கள் தோலில் மட்டும் இல்லை, உள்காதிலும் இருக்கின்றன. அங்கே அவை இல்லாமல் போனால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் நரம்புகள் செத்துவிடும். அது குட்டியின் குற்றம் இல்லை. "செவிட்டு நாய வச்சு என்ன செய்யப் போறீங்க? மலையடிவாரத்துல விட்டுட்டு வந்துருங்க" என்று சொன்னவர்கள் பல பேர். அவர்களில் இரண்டு பேர் என் சொந்தக்காரர்கள்.

விடவில்லை. நகம் வெட்டச் சொல்லித் தந்த அதே சார்தான் இதற்கும் வழி சொன்னார். கூப்பிடத் தரையை மிதிக்க வேண்டும், இரவில் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட வேண்டும். உள்ளங்கையை நிமிர்த்தினால் வா, கவிழ்த்தால் உட்கார். தூங்கும்போது திடீரென்று தொடக் கூடாது. மூக்குக்கு முன்னால் கையை வைத்து, வாசனை பிடித்து எழுந்திருக்க விட வேண்டும். தெருவில் கயிறு இல்லாமல் விடவே கூடாது, ஹார்ன் கேட்காது. ஒரு பைசா செலவில்லை. வெள்ளச்சி இன்று எங்கள் தெருவிலேயே சொன்னபடி கேட்கிற நாய். காது கேட்கிற நாய்களின் சொந்தக்காரர்கள் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

வேட்டைக்குப் பழக்கச் சொன்னவரையும் மறக்கவில்லை. ராஜபாளையம் நாய் பன்றி விரட்டிய நாய்தான், மறுக்கவில்லை. ஆனால் மேற்கே இருக்கிற மலை 1988லிருந்து சாம்பல் நிற அணில்களின் சரணாலயம், 2021லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். அங்கே நாயைக் கொண்டுபோய் விரட்டவிடுவது வனச் சட்டப்படி குற்றம். நம் நாயின் டிஸ்டெம்பர் நோய் காட்டு விலங்குகளுக்கும் பரவும். வெள்ளை நாயின் தோல் சித்திரை வெயிலில் வெந்துபோகும் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. காலையில் எட்டு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள்.

அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனால் பால்கோவா ஊட்டுகிறவர்கள் தனி. சர்க்கரையும் பாலும் வயிற்றைக் கலக்கும் என்பதோடு விட்டுவிடலாம். சாக்லேட், உலர்திராட்சை, வெங்காயம் மூன்றும் நாய்க்கு விஷம். பாயசம் வைக்கிற நாளில் கவனம்.

அரசு கால்நடை ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பார்ப்பதற்குக் காசு இல்லை. மருந்து இருந்தால் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் எழுதித் தருவார்கள். மாடும் ஆடும் முதலில் போகும், பொறுமையாக இருங்கள். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம். ஜூலை 6 அன்று பல அரசு ஆஸ்பத்திரிகளில் அந்த ஊசி இலவச முகாமாகவே நடக்கும், விசாரித்து வையுங்கள். ஒரு நோட்டில் தேதியும் எடையும் எழுதிக்கொண்டு போனால் டாக்டர் உங்களிடம் பேசுகிற விதமே மாறும்.

போன வாரம் அடுத்த தெரு அக்கா ஒருத்தி தன் குட்டிக்கு முடி கொட்டுகிறது, என்ன போடலாம் என்று என்னிடம் கேட்டாள். எத்தனை மாதம், இரவில் சொறிகிறதா, வீட்டில் யாருக்காவது அரிப்பு உண்டா என்று கேட்டேன். பதில் சொன்னாள். எதுவும் போட வேண்டாம், ஆஸ்பத்திரியில் சுரண்டிப் பார்க்கட்டும் என்றேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. நாய் வளர்த்தவளிடம் மருந்து கேட்க வந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறாளே என்று நினைத்திருப்பாள். மறுநாள் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியதாகக் கேள்விப்பட்டேன். ஆயில் இல்லையே என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை காலையில் குட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நில்லுங்கள், வெள்ளச்சியின் ஊசிக்கு எப்படியும் போக வேண்டும், ஆட்டோவில் சேர்ந்தே போவோம் என்று சொல்லியிருக்கிறேன்.